தாளின் பின்பக்கம்

திங்கட்கிழமை அழகு நிலையங்களுக்கு விடுமுறை. மெம்பிஸ் நகரத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஆரஞ்சு மவுண்டில், டெல்ஃபின் பிராஸ்வெல்லின் கடைக் கதவிலும் அட்டை திருப்பி மாட்டப்பட்டிருந்தது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள்.

முதல் நாற்காலியில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி டெல்ஃபின். கடை அவளுடையது, பாட்காஸ்டும் அவளுடையது. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தலை உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே வக்கீல் ஹேர்ஸ்டன். மெத்தை கிழியாத இருக்கை அது ஒன்றுதான். இயந்திரத்தின் மூடி அவர் வழுக்கைக்கு மேலே பிஷப்பின் தொப்பி போல நின்றது. கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியின் மேல் லமான்ட். ஒலிப்பதிவு அவன் பொறுப்பு. நாற்பது வயதுக்காரன், மடியில் வறுத்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியுமாக ஒரு பொட்டலம். தலை அலசும் தொட்டியோரம், சாய்மானமில்லாத முக்காலியில் வெர்லீன் டாலிவர். அறுபத்துநான்கு வயது. முழங்கால்களை ஒட்டி வைத்து, அதன்மேல் நீல அட்டைக் கோப்பு.

ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள் என்றும் சொல்லலாம். அவள் கோப்புக்குள் இருந்தாள், நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணோடு.

“படிங்க சிஸ்டர் வெர்லீன்” என்றாள் டெல்ஃபின், சர்ச்சில் கூப்பிடும் வழக்கப்படி. “வக்கீல் இன்னும் கேக்கலை.”

வெர்லீன் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, காலையில் வந்த கடிதத்தைப் பிரித்தாள்.

“நிகழ்ச்சி நடத்தும் அம்மாக்களுக்கு. என் பெயர் ஹோசியா கிரென்ஷா. ஊர் கிளார்க்ஸ்டேல். என் மனைவி லூவீனியா மார்ச் மாதம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள்...”

“அந்தக் குரல்ல படிக்காதீங்க” என்றாள் டெல்ஃபின்.

“எந்தக் குரல்?”

“நிகழ்ச்சிக் குரல். சும்மா படிங்க.”

வெர்லீனுக்கு முகம் சுருங்கியது. அவளுக்கு இப்போது வேறு குரல் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மளிகைச் சீட்டைப் படிப்பது போல மேலே படித்தாள்.

“அவள் கடிதத்தை நீங்கள் படித்த அன்று என்னைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். அவ்வளவு சந்தோஷம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம் என்றார்கள். பதினோராம் தேதி போய்விட்டாள். யார்மேலும் பழி சொல்ல நான் எழுதவில்லை. இரண்டு விஷயம் கேட்கிறேன். அவள் கையெழுத்து வீட்டில் அதிகமில்லை. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? இன்னொன்று. டாக்டரிடம் போ என்று நான் சொன்னபோதெல்லாம், ‘அவங்ககிட்ட கேட்டாச்சு, அவங்களும் பதில் சொல்லியாச்சு’ என்பாள். அவள் என்ன கேட்டாள்? அந்த நிகழ்ச்சியை ஐந்து தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். அதில் அவள் எதையும் கேட்கவில்லை.”

பொட்டலத்தில் முள்கரண்டி உரசும் சத்தமும் நின்றது.

டெல்ஃபினின் தங்கை ரெனீட்டா பிள்ளை பெற்ற மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தாள். வயிறு கிழிகிறது என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். பிறகு வாங்கிப் பார்த்த மருத்துவச் சீட்டில் அங்கிருந்த நர்ஸ் எழுதிய ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘நோயாளி தேவையில்லாமல் பதறுகிறார்.’ அவளை அடக்கம் செய்த வாரம், இதே போல ஒரு திங்கட்கிழமை, டெல்ஃபின் கடைக்குள் தனியாக உட்கார்ந்து லமான்டின் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசினாள். அதுதான் முதல் நிகழ்ச்சி. ‘நம்ம உடம்பு, நம்ம பேச்சு’ என்று பெயர். ஐந்து வருஷத்தில் அறுபதாயிரம் பேர் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் பேருந்தில், பாத்திரம் கழுவும்போது, டயாலிசிஸ் நாற்காலியில். சர்க்கரை, பிரஷர், கர்ப்பப்பைக் கட்டி, தூங்காத ராத்திரிகள், ஊமையாக விழுங்கிய அழுகை, எல்லாம் அங்கே பேசலாம். ஒவ்வொரு வாரமும் டெல்ஃபின் ஒரே வாக்கியத்தில் தொடங்குவாள்: “சொல்லு கண்ணு. நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம்.” முடிக்கும்போது: “எழுதிப் போடுங்க. கடைசி வரி வரைக்கும் படிப்போம்.”

கடிதங்கள் வெர்லீனின் பொறுப்பு. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் நான்கு தலைமையாசிரியர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தவள் அவள். ஆயிரக்கணக்கான கடிதங்கள், ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. அவர்கள் அவசரமாக வெளியே போன நாட்களில் அவர்கள் கையெழுத்தையும் இவளே போட்டிருக்கிறாள், அச்சு அசலாக. ஓய்வு பெற்ற பிறகு டெல்ஃபினிடம் தலை அலச வந்தவள், மூலையில் கடிதங்கள் குப்பையாகக் கிடந்ததைப் பார்த்து மனசு பொறுக்காமல் அடுக்க ஆரம்பித்தாள். எண் போட்டாள். தேதி போட்டாள். மூன்று கட்டாகப் பிரித்தாள்: கேள்வி, திட்டு, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சி. ஒருநாள் டெல்ஃபினுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “நீங்களே ஒண்ணைப் படிச்சிடுங்க” என்றாள். அன்றோடு அந்த இடம் வெர்லீனுடையதாகிவிட்டது.

அதற்கப்புறம் இறைச்சிக் கடையில் அரைக்கிலோ கழுத்தெலும்பு கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் திரும்புவாள். “அட, இந்தக் குரல்! கடிதம் படிக்கிற அம்மாதானே நீங்க?” முப்பத்தோரு வருஷம் சுவரோடு சுவராக இருந்தவளுக்கு அது எப்படி இருக்கும்? எலும்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் போகிறவள் மாதிரி வீட்டுக்கு நடப்பாள்.

“அந்தம்மா கடிதம் கைவசம் இருக்கா?” என்று கேட்டார் வக்கீல்.

“இருக்கு ஐயா. என்கிட்ட ஒரு தாள் தொலைஞ்சதில்லை.”

“தொலைஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்று முணுமுணுத்தார்.

லமான்ட் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, அந்த நாளின் பதிவைத் தேடி ஓடவிட்டான். வெர்லீனின் குரல் அறையில் எழுந்தது. வெண்ணெயும் பாகும் கலந்த குரல்.

‘...போன ஞாயித்துக்கிழமை சபையில நான் விழுந்துட்டேன். பாட்டு நடுவுல. ரொம்ப நேரம் கிடந்தேனாம். வெள்ளைக் கையுறை போட்ட பொண்ணுங்க விசிறினாங்க, காலுக்கு மேல துணி போட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை. எழுந்ததுல இருந்து இடது கை மரத்துப் போய்க் கிடக்கு, ஆண்டவர் இன்னும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி. காலையில காபி குடிச்சா ஒரு பக்கமா வழியுது, குழந்தைக்கு வழியிற மாதிரி. நாப்பது வருஷமா சபைக்குப் போறேன், இப்படி விழுந்ததே இல்லை.’

பதிவில் டெல்ஃபின் கைதட்டினாள். ‘மகிமை! கேட்டீங்களா? நாப்பது வருஷம் காத்திருந்திருக்கா! ஏ கண்ணு, அந்தக் கையைக் கழுவிடாதே. அவர் பிடிச்சிருக்கார்னா நீ ஏன் உதறணும்? காபி வழிஞ்சா வழியட்டும், உன்னைத் திரும்பக் குழந்தையாக்குறார்!’ லமான்டின் சிரிப்பு. வெர்லீனின் சிரிப்பு. பிறகு டெல்ஃபின்: ‘முடிஞ்சுதா சிஸ்டர் வெர்லீன்? அவ்வளவுதான் எழுதியிருக்காளா?’

‘அவ்வளவுதான். ஆமென்.’

லமான்ட் நிறுத்தினான்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ‘விழுந்துட்டா’ என்பது ஒரே சொல்தான், ஆனால் விழுந்த இடத்தைப் பார்த்து அர்த்தம் எடுப்பார்கள். வீட்டில் விழுந்தால் மயக்கம்; தண்ணீர் தெளித்து ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள். சர்ச் சபையில் விழுந்தால் பரிசுத்த ஆவி இறங்கியது. கும்பிட்டு விலகி நிற்பார்கள். வெர்லீன் அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது ‘சபையில்’ என்ற சொல்லைத்தான் முதலில் கண்டாள். மீதி எல்லாவற்றையும் அந்தச் சொல்லின் வெளிச்சத்தில் படித்தாள். பச்சைக் கிளிப்பை எடுத்துக் கடிதத்தைச் சாட்சிக் கட்டில் சேர்த்தாள். கேள்விக் கட்டுக்குச் சிவப்புக் கிளிப். சிவப்புக் கிளிப் போட்டவற்றை மட்டும் டெல்ஃபின் தனக்குத் தெரிந்த ஒரு நர்சம்மாவிடம் காட்டி, பதில் கேட்டுச் சொல்வது வழக்கம்.

“கடிதத்தைக் காட்டுங்க” என்றார் வக்கீல்.

கோடு போட்ட ஒற்றைத் தாள். பென்சிலால் எழுதிய உருண்டை உருண்டையான எழுத்து. அவர் படித்தார். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவளாம். மேலே அதைக்கூட எழுதியிருந்தாள். முழுக்கப் படித்துவிட்டு, வக்கீல்களுக்கே உரிய பழக்கத்தில் தாளைத் திருப்பினார்.

வெர்லீன் தொட்டிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?” என்றார்.

“என்னது?” டெல்ஃபின் எழுந்து வந்தாள். அவர் தோளுக்கு மேலாக வாய்விட்டுப் படித்தாள்.

“‘ஹோசியா டாக்டர்கிட்ட போன்னு சொல்றார். போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், எடையைக் குறைன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. இது ஆண்டவர் காரியமா, உடம்புக் காரியமா, எனக்குப் புரியலை. உங்களை நம்புறேன். நீங்க போன்னு சொன்னா போறேன்.’”

படித்து முடித்த பிறகும் அவள் வாய் மூடவில்லை. அந்தப் பத்தியைச் சுற்றிப் பென்சிலால் நீட்டி இழுத்த அடைப்புக்குறி. ஓரத்தில், பள்ளி அலுவலகத்து நேரான கையெழுத்தில்: ‘நேரமில்லை.’

“இது உங்க எழுத்து.”

“ஆமா.”

“நான் கேட்டேன். முடிஞ்சுதான்னு கேட்டேன். ரெக்கார்டுல இருக்கு. அவ்வளவுதான், ஆமென்னு சொன்னீங்க!”

“ஒரு கடிதத்துக்கு ரெண்டு நிமிஷம்னு நீதானேம்மா சொன்னே? ஆண்டவர் கையைப் பிடிச்ச இடத்துல நிறுத்தினா நல்லா நிக்கும்னு தோணிச்சு. அதுக்கப்புறம் டாக்டர் கீக்டர்னு போனா...” வெர்லீன் நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். அதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

“‘போடி பைத்தியம், டாக்டர்கிட்ட போ’ன்னு அவகிட்ட சொல்லியிருப்பேனே! ஒரு வரி! பின்பக்கத்தைப் படிச்சிருந்தீங்கன்னா, மைக்கை வச்சுட்டு அவளை நானே தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பேனே!”

“முன்பக்கத்துல கை மரத்துப் போச்சுன்னு இருந்துச்சே டெல்ஃபின். வாய் வழியுதுன்னு இருந்துச்சே. அதை உனக்குப் படிச்சேனே.”

டெல்ஃபின் வக்கீலின் தோளை விட்டு நிமிர்ந்தாள். திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அதனால் மற்ற மூன்று பேருக்கும் அவளுடைய இரண்டு முகமும் தெரிந்தது.

வக்கீல் தாளைத் தன் தொடைமேல் வைத்து நீவிவிட்டார். “பதறாம கேளுங்க. கடிதம் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டா விஷயம் முடிஞ்சுது. வருத்தத்தைச் சொல்லுங்க, ஒரு பூச்செண்டு அனுப்புங்க.”

“அது முடியாது” என்றாள் டெல்ஃபின் கண்ணாடிக்குள்ளிருந்து. “செத்தவ கையெழுத்தைக் கேக்குறார் அந்த மனுஷன். ரெனீட்டா கையெழுத்துக்கு நான் எத்தனை பெட்டியைக் குடைஞ்சேன் தெரியுமா? அதை அனுப்பியே ஆகணும்.”

“அப்படின்னா பின்பக்கமும் சேர்ந்துதான் போகும். ஒரே தாள்.”

“போகட்டும்.”

“போனா, அவர் பையன் ஒருத்தன் அதை எடுத்துக்கிட்டு என்னை மாதிரி ஒருத்தன்கிட்ட வருவான். நான் முதல்ல என்னத்தைப் பார்ப்பேன் தெரியுமா? இந்த அடைப்புக்குறியைத்தான்.” விரலால் தட்டினார். “பார்க்காம விட்டது வேற. பார்த்துட்டு விட்டது வேற. முதலாவது மறதி. ரெண்டாவதுக்கு எங்க தொழில்ல வேற பேர்.”

லமான்ட் தலையைத் தூக்கினான். “பென்சில்தானே மிஸ் வெர்லீன்? அழிச்சா போயிடும்.”

மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ரொம்ப நல்ல யோசனை வரும்போது சில சமயம் அப்படித்தான் ஆகும். எல்லாருக்கும் முன்னாடியே தோன்றியிருக்கும், யாராவது ஒருத்தர் அசிங்கப்பட்டுக்கொண்டு சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

“நான் இதைக் கேக்கலை” என்றார் வக்கீல் ஹேர்ஸ்டன். எழுந்தபோது பிஷப் தொப்பி அவர் தலையில் இடித்தது. “நான் மீன் வாங்க வந்தேன், கிளம்புறேன். மிஸ் டாலிவர், நல்லா யோசிங்க.” லமான்டின் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ரொட்டியில் சுற்றி வாயில் போட்டபடியே போனார்.

கதவு மணி ஓய்ந்ததும் டெல்ஃபின் மெதுவாகப் பேசினாள். கடைக்கு வரும் பெண்களிடம் தலைமுடி கொட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது வருகிற இதமான குரல் அது.

“அக்கா. பதினோரு பேர். நீங்களே எண்ணி வச்சிருக்கீங்க. நம்ம நிகழ்ச்சியைக் கேட்டு டாக்டர்கிட்ட போய்க் கட்டியைக் கண்டுபிடிச்சவங்க, பிரஷரைக் கண்டுபிடிச்சவங்க, பதினோரு பேர். அவங்க கடிதக் கட்டு உங்ககிட்டதான் இருக்கு. ஒருத்தி போயிட்டா. தாங்க முடியலை, எனக்கும்தான். ஆனா இது வெளியே போச்சுன்னா அறுபதாயிரம் பேரும் எங்கே போவாங்க? யாரு அவங்களைக் கேப்பாங்க? அந்தப் பதறுகிறார்னு எழுதின நர்சா?”

“அந்தச் சீட்டு உன்கிட்ட இருக்கே டெல்ஃபின்” என்றாள் வெர்லீன்.

“இருக்கு. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?”

“அந்த வரியை அன்னிக்கு யாராவது ரப்பர் வச்சு அழிச்சிருந்தா, ரெனீட்டா சொன்னதை அந்த நர்சு காதுல வாங்கிட்டுத்தான் கண்டுக்காம விட்டாள்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

டெல்ஃபின் நாற்காலியைச் சுழற்றினாள். லமான்ட் பால் பெட்டியோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

“என் தங்கச்சி பேரை உங்க வாயால எடுக்காதீங்க.”

“நான் சொல்ல வந்தது...”

“நீங்க சொல்ல வந்தது புரிஞ்சுது. நானும் அந்த நர்சும் ஒண்ணு. அதானே?” அவள் குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நான் அழிச்சிடுங்கன்னு சொல்றேன். அனுப்பிடுங்கன்னும் சொல்றேன். அவர் கேட்ட கையெழுத்து அவருக்குக் கிடைக்கும், அவ என்ன கேட்டாங்கறதும் தெரியும். பின்பக்கத்தைப் பார்க்காம விட்டுட்டோம், மன்னிச்சிடுங்கன்னு எழுதுங்க. வியாழக்கிழமை ரெக்கார்டிங். அழிச்சிருந்தா வாங்க. அழிக்கலைன்னா வர வேண்டாம்.” கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்றாள். “லமான்ட், வியாழக்கிழமைக்கு என்ன தலைப்பு?”

லமான்ட் பலகையைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் படிக்க மனசில்லாமல் நின்றான். போன வாரமே சாக்கட்டியால் எழுதி வைத்தது: ‘உங்களை நீங்களே மன்னிப்பது எப்படி.’

“நல்ல தலைப்பு” என்றாள் டெல்ஃபின். “சிஸ்டர் வெர்லீன் வந்தா பேர் ஊர் சொல்லாம அவங்க மனசுல இருக்கிறதைப் பேசலாம். நிறைய பேருக்கு உதவும்.”

இருவரும் போன பிறகு வெர்லீன் கடையைப் பூட்டவில்லை. நகப்பூச்சு போடும் சின்ன மேசையை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். மணி மூன்றரை. தபால் அலுவலகம் ஐந்து வரைக்கும் திறந்திருக்கும். கைப்பையிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தாள். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம். ரப்பர் இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதில்லை.

வீரமாக அதைத் தள்ளி வைத்தாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு வேண்டும். அந்த மைக், அந்தச் சிவப்பு விளக்கு, இறைச்சிக் கடையில் திரும்பிப் பார்க்கும் முகங்கள், எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சபையும், ஒரு சோபாவும், மூட்டுவலியும்தான் மிச்சம். முதலில் ‘நேரமில்லை’யை அழித்தாள். நன்றாகப் போயிற்று. தூசியை ஊதிவிட்டாள். பிறகு அடைப்புக்குறியின் இடது பக்கத்தை மேலிருந்து கீழே அழித்தாள். வலது பக்கம் கடைசி வரியின் கடைசிச் சொல்லை ஒட்டிக்கொண்டு இருந்தது. கையைச் சாய்த்து, ரப்பரின் முனையால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

அடைப்புக்குறி போயிற்று. கூடவே லூவீனியாவின் சொல்லும் போயிற்று. அவளும் பென்சிலால்தானே எழுதியிருந்தாள்.

‘நீங்க போன்னு சொன்னா’ என்பதோடு கடிதம் நின்றது.

வெர்லீன் ரப்பரை மேசைமேல் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பார்த்தாள். அழுத்தி எழுதுகிறவள் போலிருக்கிறது. ‘போறேன்’ என்று பள்ளம் மட்டும் தெரிந்தது, ஈர மணலில் கோழி நடந்த தடம் மாதிரி.

அதை நிரப்புவது அவளுக்கு அரை நிமிஷ வேலை. நான்கு தலைமையாசிரியர்களின் கையெழுத்தைப் போட்டவளுக்கு இந்த உருண்டை எழுத்து எம்மாத்திரம்? பென்சிலை எடுக்கவும் எடுத்தாள். பள்ளத்தின் மேல் முனையைக் கொண்டுபோனாள். அந்த மனிதர் இந்தத் தாளை இனி எத்தனை வருஷம் எடுத்தெடுத்துப் பார்ப்பார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. மனைவியின் கையெழுத்து என்று விரலால் தடவிப் பார்ப்பார். கடைசிச் சொல்லில் அவர் விரல் இவள் எழுத்தைத் தடவும்.

பென்சிலைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்தாள். எந்த விஷயமானாலும் எண் போட்டு எழுதினால்தான் அவளுக்குக் கை ஓடும்.

‘மதிப்புக்குரிய திரு. கிரென்ஷா அவர்களுக்கு,

1. நீங்கள் கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. ஒரு தாள், இரண்டு பக்கம்.

2. உங்கள் மனைவி கேட்டது பின்பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

3. பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நான் பார்த்தேன். அந்தப் பத்தியை வாசிக்காமல் விட அடையாளம் போட்டு, ஓரத்தில் ‘நேரமில்லை’ என்று எழுதினேன்.

4. அவர் சபையில் விழுந்ததை ஆவி என்று எடுத்துக்கொண்டேன். கையையும் வாயையும் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்த பிறகும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

5. இன்று நான் என் அடையாளங்களை ரப்பரால் அழித்தேன். அழிக்கும்போது அவர் எழுதிய கடைசிச் சொல்லும் போய்விட்டது. அந்தச் சொல் ‘போறேன்’. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழுத்தம் தெரியும்.

6. ’

ஆறு என்று போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். மன்னிப்பு என்று எழுதலாம். எழுதினால் அந்த மனிதருக்கு இன்னொரு வேலை வைத்த மாதிரி. மன்னிப்பதா வேண்டாமா என்று அவர் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆறை அடித்தாள். அடித்தது அப்படியே தெரியட்டும் என்று விட்டாள். கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள். வெர்லீன் டாலிவர். வீட்டு விலாசம். இத்தனை வருஷத்தில் தன் பெயரில் அனுப்பும் முதல் கடிதம் இப்படி ஒன்றாக வாய்க்கும் என்று யார் கண்டது?

இரண்டு தாளையும் மடிக்கும்போது லூவீனியாவின் தாளின் பின்பக்கம் வெளியே தெரியும்படி மடித்தாள், பிரித்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று. கடைச் சாவியை நகப்பூச்சு மேசைமேல் வைத்துவிட்டு, நீலக் கோப்பையும் மூன்று வண்ணக் கிளிப்புகளையும் அதனருகில் அடுக்கினாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

தபால் அலுவலகத்தில் வரிசை இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் நீளமான ஊதா நகங்களோடு ஒரு பெண் ஸ்டாம்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பதிவுத் தபால்ல அனுப்பணும்மா. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கணும்.”

பெண் சட்டென்று நிமிர்ந்தாள். நகங்கள் ஸ்டாம்புகளின் மேலேயே நின்றன. “ஐயோ! மிஸ் வெர்லீன்! கடிதம் படிக்கிற அம்மா! எங்கம்மா உங்க குரல் கேக்காம தூங்கவே மாட்டாங்க. ஒரு தடவை அதைச் சொல்லுங்களேன். ப்ளீஸ். ‘கடைசி வரி வரைக்கும் படிப்போம்’னு. நான் போன்ல பிடிச்சுக்கிறேன்.” போனை ஜன்னல் இடுக்கு வழியாக நீட்டியும் விட்டாள்.

வெர்லீன் போனைப் பார்த்தாள். அதில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“அதைச் சொல்றது டெல்ஃபின்தாம்மா. நான் சொல்றதில்லை.”

“பரவாயில்லை, நீங்க சொன்னா இன்னும் நல்லாயிருக்கும்.”

“உங்கம்மாவுக்குப் பிரஷர் இருக்கா?”

“ம்? இருக்கு. ஏன்?”

“மாத்திரை சாப்பிடுறாங்களான்னு பாரு. கை கால் மரத்துப் போச்சுன்னா எங்களுக்கு எழுதிக்கிட்டு உட்கார வேண்டாம்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. விழுந்தது எந்த இடமா இருந்தாலும் சரி.”

பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. போனை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டாள். சிவப்புப் புள்ளி அணைந்தது. உறைக்காகக் கையை நீட்டினாள்.

வெர்லீன் உறையின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அழுத்தினாள். ஒட்டிய பிறகும் இன்னொரு தடவை அழுத்தினாள். ஜன்னல் இடுக்கில் தள்ளினாள். ஊதா நகங்கள் அதை எடுத்து, கிளார்க்ஸ்டேல் என்ற பெயருக்கு மேலே பச்சைச் சீட்டை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டன.